இடது கைக் கோடுகள்

லிபா, பதாங்காஸ்
9 பிப்ரவரி 2004

செல்வி ரொவேனா அபெசமிஸ் அவர்களுக்கு,

நான் என் கணவரின் பெயரில் படம் வரைந்தவள் அல்ல. இதை முதல் வரியிலேயே எழுதிவிடுகிறேன். கடிதங்களைக் கடைசிவரை படிக்கும் பழக்கம் இப்போது குறைந்துவிட்டது என்று கேள்வி.

நேற்றுப் பூசை முடிந்து வெளியே வந்தபோது மாதா கோயில் வாசலில் பெண்கள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். நீங்கள் வானொலியில் பேசியதைக் கேட்டார்களாம். "இத்தனை வருஷமா இதை வயித்துக்குள்ளயே வச்சிருந்தீங்களா தோஞ்யா பெத்தாங்? நானா இருந்தா ஊரெல்லாம் தமுக்கு அடிச்சிருப்பேன்" என்றாள் மருந்துக்கடைக்காரி. "நீங்க முதுகு ஒடிய வரையறது, அவரு கீழ பேரைப் போட்டுக்கறது. ஆம்பளைங்க புத்தி!" என்றாள் இன்னொருத்தி. இல்லை, அவர்தான் வரைந்தார் என்று சொன்னேன். "பாத்தியா, இப்பக்கூட விட்டுக்குடுக்க மாட்டேங்கறாங்க!" என்று எல்லாரும் நெகிழ்ந்துபோனார்கள்.

இன்று காலை உங்கள் ப்ரூஃப் தாள்கள் வந்தன. உங்கள் தாத்தா நடத்திய சலகிந்தோ காமிக்ஸின் வரலாற்றைப் படங்களோடு புத்தகமாகக் கொண்டுவருவது நல்ல காரியம். ஆனால் ஏழாம் அத்தியாயம் முழுவதும் தவறு. சிறியவற்றை முதலில் சொல்கிறேன். என் பெயர் பெர்பெத்துவா (ஊராருக்குப் பெத்தாங்), பெர்ஃபெக்தா அல்ல. 138ஆம் பக்கப் புகைப்படத்தில் என் கையில் இருப்பது பட்டை நிப் போட்ட எழுத்துப் பேனா. அதை வைத்து ஒரு மூக்குக்கூட வரைய முடியாது. கடைசியாக, உங்கள் குறிப்பில் என்னை 'டீட்டா' என்று அழைத்திருக்கிறீர்கள். நான் உங்கள் அத்தை அல்ல.

இனிப் பெரியது. 1953 முதல் நான் சலகிந்தோவில் எழுத்துக்காரியாக இருந்தேன். கதை மாந்தர் பேசும் குமிழிகளுக்குள் எழுத்துகளைப் போடுவது என் வேலை. தலைப்பும் ஓவியரின் பெயரும் எழுதுவதும் அதில் அடங்கும். எனவே 'எஸ்தானிஸ்லாவ் இலாகன்' என்ற கையொப்பம் என் கையெழுத்தில் இருக்கிறது என்று நீங்கள் கண்டுபிடித்தது கண்டுபிடிப்பே அல்ல. எல்லா ஓவியர்களின் பெயரையும் நான்தான் எழுதினேன்.

1966 புனித வாரத்தில் என் கணவர் தானிஸுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை போய்விட்டது. 'எரிமலையின் மருமகள்' தொடரைப் பதினொரு வாரம் வேறொருவர் வரைந்தார். அதற்குப் பிறகு 1973இல் தானிஸ் இறக்கும்வரை ஒவ்வொரு வாரமும் அவரே வரைந்தார், இடது கையால். கோடு 'பெண்மையோடு மென்மையானது' என்று எழுதியிருக்கிறீர்கள். மென்மை அல்ல, அந்தக் கையால் அழுத்த முடியவில்லை, அவ்வளவுதான்.

சான்று வேண்டுமானால் ஒரு பூதக்கண்ணாடி எடுத்து நிழல் கோடுகளைப் பாருங்கள். 1966க்கு முன் அவை இடப்பக்கம் கீழிருந்து வலப்பக்கம் மேலேறும். அதற்குப் பின் எதிர்ப்பக்கம் சாயும். இடக்கைக்காரரின் கோடு அப்படித்தான் விழும்.

அத்தியாயத்தைத் திருத்தி அனுப்பவும். நேரில் வர வேண்டாம். வந்தால் நீங்கள் புகைப்படம் எடுப்பீர்கள்.

பெர்பெத்துவா இலாகன்


கேசோன் நகரம்
20 பிப்ரவரி 2004

மதிப்பிற்குரிய திருமதி இலாகன் அவர்களுக்கு,

(டீட்டா என்றே எழுதி எழுதிக் கிழித்ததில், இது மூன்றாவது தாள்.)

பெயர்ப் பிழைக்கு வெட்கப்படுகிறேன். திருத்திவிட்டேன். உங்கள் கடிதம் கிடைத்த அன்றே வீட்டிலிருந்த பழைய இதழ்களை எல்லாம் தரையில் பரப்பி, பூதக்கண்ணாடியோடு குப்புறப் படுத்துவிட்டேன். நீங்கள் சொன்னது அப்படியே உண்மை. 1966 ஜூன் வரை கோடுகள் ஒரு பக்கம், ஜூலையிலிருந்து மறுபக்கம். நாற்பது ஆண்டுகளாக யாரும் இதைக் கவனித்ததில்லை.

பார்த்ததும் என் பழைய பேட்டிக் குறிப்பேட்டைத் தேடி எடுத்தேன். காரணத்தைச் சொல்கிறேன். போன அக்டோபரில் உங்கள் தங்கை கார்மென்சிட்டாவைப் பேட்டி கண்டேன். உங்கள் சிறுவயதைப் பற்றிக் கேட்டபோது அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "அக்கா பொறந்ததுலருந்தே இடக்கைக்காரி. கான்வென்ட்ல லுடோவிகா சிஸ்டர் நீல ரிப்பனால அவ கையை பெஞ்சோட கட்டிப்போட்டாங்க. ராத்திரி தூக்கத்துல அந்த இடக்கை மட்டும் சுவத்துல ஏதோ எழுதிட்டே இருக்கும்."

அப்போது அதை ஒரு வேடிக்கைக் கதையாகத்தான் குறித்துக்கொண்டேன். இப்போது நீங்களே எனக்குச் சாவியைக் கொடுத்திருக்கிறீர்கள். கட்டிப்போட்ட அந்தக் கை முப்பது வருடம் கழித்து அவிழ்ந்திருக்கிறது!

தொடரின் கதாசிரியர், நாங்கள் மரியாதையாக 'மாங்' என்று அழைக்கும் ப்ரோகோபியோவும் அதையேதான் சொல்கிறார். அவருக்கு எண்பத்தாறு வயது. நினைவு தெளிவாக இருக்கிறது. வாரந்தோறும் கதையைக் கொடுக்க உங்கள் மாடிக்கு வந்தபோதெல்லாம், வரைபலகை முன்னால் நீங்கள் மையும் கையுமாக உட்கார்ந்திருந்தீர்கள். உங்கள் கணவர் ஜன்னலோர நாற்காலியில் இருந்தார்.

நீங்கள் ஏன் மறுக்கிறீர்கள் என்று எனக்குப் புரிகிறது. அந்தத் தலைமுறைப் பெண்கள் எல்லாரும் மறுத்தார்கள். தயவுசெய்து பயப்படாதீர்கள். இனி உங்களை யாரும் கட்டிப்போட முடியாது. மே மாத வெளியீட்டு விழாவில் உங்களுக்குப் பதக்கம் வழங்கப் புத்தகக் குழு ஒருமனதாக முடிவு செய்திருக்கிறது.

அன்புடன்,
ரொவேனா


லிபா
1 மார்ச் 2004

செல்வி அபெசமிஸ் அவர்களுக்கு,

நான் பயப்படவில்லை. கோபமாக இருக்கிறேன். இரண்டும் வேறு.

என் தங்கை சொன்னது உண்மை. ரிப்பன் நீலம்தான். எட்டு வயதில் அந்தக் கை அடங்கிவிட்டது. இப்போது அதனால் ஒரு பொத்தானைக்கூட ஒழுங்காக மாட்ட முடியாது. லுடோவிகா சிஸ்டர் எதைத் தொடங்கினாலும் பாதியில் விடுகிறவர் அல்ல.

ஆனால் பழக்கத்தை மாற்றிக்கொள்ளும் கைக்கு என்ன நடக்கும் என்பது அந்த வீட்டில் எனக்கு மட்டுமே தெரிந்திருந்தது. அதனால்தான் தானிஸுக்கு என்னால் கற்றுக்கொடுக்க முடிந்தது. சிஸ்டர் எனக்குச் செய்ததையே திருப்பிச் செய்தேன், பிரம்பைத் தவிர. நாளுக்கு ஒரு தாள் முட்டை வடிவங்கள். பிறகு சாய்கோடுகள். முட்டைகள் கண்களாயின, கண்களுக்குப் பின் மூக்குத் துளைகள். மோவாயால் அளவுகோலை அழுத்திப் பிடித்துக்கொள்வார். நாக்கைக் கடித்துக்கொள்வார். வாயோரம் எச்சில் வழியும், நான் துடைப்பேன். சலகிந்தோவின் முதன்மை ஓவியர் எழுதப் பழகும் பிள்ளையைப் போல உட்கார்ந்திருந்தார்.

"எவனாவது ஒருத்தன் இதைப் பாத்தான்னா அதோட பேனாவைத் தொட மாட்டேன், பெத்தாங்" என்றார். அவர் சொன்னால் செய்வார்.

ப்ரோகோபியோ எதைப் பார்த்தார் என்று இப்போது எழுதுகிறேன். எங்கள் மரப்படி சத்தம் போடும். அவருடைய செருப்பு மூன்றாம் படியில் கேட்டதும் தானிஸ் பதறுவார்.

"எந்திரி, வந்துட்டான். நீ இங்க உக்காரு."

"நான் உக்காந்து என்ன பண்ணறது?"

"எதையாவது பண்ணு. மூக்குல மையைத் தடவிக்கோ."

அவரைத் தாங்கி ஜன்னலோர நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, நான் பலகையின் முன் போய் உட்காருவேன். ஏழு வருடமும் இப்படித்தான். ஒருநாள் ப்ரோகோபியோ உள்ளே வந்து தொப்பியைக் கழற்றினார்.

"என்னடா தானிஸ், ஜமீன்தார் கணக்கா ஜன்னலோரம் காத்து வாங்கற. வேலையெல்லாம் யாரு பாக்கறா?"

"அதுக்குத்தானே ஒருத்தியைக் கட்டியிருக்கேன். எழுத்து, படம், சோறு எல்லாம் அவ கைதான். நான் சும்மா பேருக்கு."

"நெசமாவா?"

"பின்ன? கான்வென்ட்டுல படிச்சவ, உன்னை மாதிரியா?"

ப்ரோகோபியோ சிரித்தார். நானும் சிரித்தேன். அவர் போன பின் தானிஸ் சொன்னார்: "நல்லா சிரிச்சே. நம்பிட்டான்." பலகை முன் திரும்பி வந்து, விட்ட இடத்திலிருந்து வரைந்தார்.

அந்தப் பேச்சு ஊரில் பரவியது. நான் மறுக்கவில்லை. மறுத்திருந்தால் அவர் இடது கையால் வரைவது வெளியே வந்திருக்கும். அது அவருக்கு ஒரு திரை. அவர் இறந்ததும் அதை விலக்கியிருக்க வேண்டும். யாரும் கேட்கவில்லை, காமிக்ஸ் வரைந்தவர்களைப் பற்றி அந்த நாளில் யார் கேட்டார்கள்?

இப்போது நீங்கள் கேட்கிறீர்கள். சொல்லிவிட்டேன். அத்தியாயத்தைத் திருத்தவும்.

பெர்பெத்துவா இலாகன்


கேசோன் நகரம்
12 மார்ச் 2004

மதிப்பிற்குரிய திருமதி இலாகன் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை எடுத்துக்கொண்டு மாங் ப்ரோகோபியோவிடம் போனேன். மூச்சுவிடாமல் படித்துக் காட்டினேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னதை அப்படியே தருகிறேன்:

"இதாம்மா பெத்தாங். புருஷன் செத்து முப்பது வருஷமாச்சு, இன்னும் அவனைத் தூக்கிச் சுமக்கறா. தானிஸ் எங்கிட்ட அவன் வாயாலயே சொன்னான், எல்லாம் அவ கைதான்னு. எந்த ஆம்பளையாவது இல்லாததை அப்படிச் சொல்லுவானா? அந்தப் பயலுக்கு இருந்த திமிருக்கு?"

உங்கள் கடிதத்தைப் படிக்கும்போது உங்களை நம்புகிறேன். மடித்துவைத்ததும் அவர் குரல் கேட்கிறது.

குழுவில் உள்ளவர்கள் ஆதாரம் கேட்கிறார்கள். ஒரு பயிற்சித் தாள், ஒரு மருத்துவர் கடிதம், அவர் இடது கையில் பேனா பிடித்திருக்கும் ஒரு புகைப்படம், எதுவானாலும் போதும். புத்தகம் பகுதி பகுதியாக அச்சுக்குப் போகிறது. ஏழாம் அத்தியாயம் எட்டாம் தேதியே கொடுத்தாகிவிட்டது; ஆனாலும் உடனே ஏதாவது கிடைத்தால் நிறுத்தச் சொல்லிப் பார்க்கிறேன். இல்லையென்றால் கடைசிப் பக்கத்தில் "இன்றும் அவர் தன் பங்கை அடக்கத்தோடு மறுக்கிறார்" என்று ஒரு வரி சேர்க்கலாம் என்கிறார்கள்.

நான் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். இந்தப் புத்தகம் 212 பக்கம். என் தாத்தா, அவர் தம்பிகள், ஓவியர்கள், கதாசிரியர்கள், அச்சுக்கோப்பவர்கள், வண்டியோட்டிகள்கூட இருக்கிறார்கள். ஒரு பெண்கூட இல்லை, நீங்கள் வரும் அத்தியாயத்தைத் தவிர. அதை விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. இது நியாயமா என்று கேட்டால், தெரியவில்லை.

ரொவேனா


லிபா
17 மார்ச் 2004

செல்வி அபெசமிஸ் அவர்களுக்கு,

ஒரு பெண் வேண்டுமென்றால் எழுத்துக்காரியைப் பற்றி எழுதுங்கள். இருபது வருடத்தில் எத்தனை லட்சம் எழுத்துகள், ஒன்றுகூடக் கோணியதில்லை. கதாநாயகி "ஐயோ!" என்று கத்தினால் அந்த ஓசை என் கையிலிருந்து வந்தது. அது யாருக்கும் பெரிதாகத் தோன்றவில்லை. படம் வரைந்தால்தான் பெண்ணா?

ஆதாரம் கேட்டீர்கள். பயிற்சித் தாள்கள் இல்லை. மாலையானதும் தானிஸே அவற்றைக் கசக்கி அடுப்பில் போடுவார். புகைப்படம் எடுக்க விட்டதே இல்லை. மருத்துவர் எப்போதோ இறந்துவிட்டார். மூலப் படங்களோ, அச்சான மறுநாளே உங்கள் தாத்தாவின் அச்சகத்தில் உருளைகளின் மையைத் துடைக்கக் கிழிக்கப்பட்டன. அதைக் குறையாகச் சொல்லவில்லை. அன்று எல்லாரும் அப்படித்தான் செய்தார்கள். நாங்களும் அதைப் பெரிதாக நினைக்கவில்லை.

ஆனால் ஒன்று இருக்கிறது. சொல்ல எனக்குப் பிடிக்கவில்லை.

1968 நவம்பரில் தானிஸுக்குக் கடும் காய்ச்சல். அந்த வாரப் பக்கங்களில் ஒரே ஒரு கட்டம் மிச்சம். அச்சகத்து ஆள் கீழே காத்திருந்தார். அதை நான் வரைந்தேன். என் வாழ்நாளில் நான் வரைந்த ஒரே கட்டம் அதுதான். இதழ் 851, மூன்றாம் பக்கம், ஐந்தாம் கட்டம். எரிமலையின் மருமகள் மழையில் எருமையை ஓட்டிக்கொண்டு ஆற்றைக் கடக்கிறாள். எருமையின் நான்கு கால்களும் ஒரே பக்கத்தில் இருக்கின்றன. 'இது எருமையா, பியானோவா?' என்று கேட்டு நாகா நகரத்திலிருந்து ஒரு பள்ளி ஆசிரியர் கடிதம் எழுதினார்.

காய்ச்சல் விட்டதும் தானிஸ் இதழை வாங்கிப் பார்த்தார்.

"எருமைக்கு முட்டி எங்கடி?"

"தண்ணிக்குள்ள இருக்கு."

"தண்ணி எங்க?"

"அதை இன்னும் வரையலை."

பக்கவாதம் வந்ததிலிருந்து அவர் அப்படிச் சிரித்து நான் கண்டதில்லை. சிரித்துச் சிரித்து நாற்காலியிலிருந்து சரிந்துவிட்டார், தூக்கி உட்காரவைத்தேன்.

அந்த எருமையைத் தேடி எடுங்கள். அதே பக்கத்தில் உள்ள மற்றக் கட்டங்களோடு வைத்துப் பாருங்கள். என் கையால் என்ன முடியும், அவர் இடது கையால் என்ன முடிந்தது என்று ஒரு நிமிடத்தில் தெரியும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் அச்சிடுங்கள். என் மானம் போனால் போகட்டும்.

பெர்பெத்துவா இலாகன்


கேசோன் நகரம்
2 ஏப்ரல் 2004

மதிப்பிற்குரிய திருமதி இலாகன் அவர்களுக்கு,

இந்தக் கடிதத்தை நான்கு நாளாகத் தள்ளிப்போட்டேன்.

புத்தகம் அச்சாகிவிட்டது. உங்கள் கடிதம் வந்தபோது ஏழாம் அத்தியாயம் பைண்டிங்குக்குத் தைக்கப் போயிருந்தது. நிறுத்தச் சொன்னேன். அச்சுச் செலவைப் பார்க்கும் என் பெரியப்பா தொலைபேசியில் கத்தினார்: "மூவாயிரம் பிரதி! ஒரு கிழவி பிடிவாதம் பிடிக்கறான்னு கடல்ல கொட்டவா?" மன்னியுங்கள். அவர் சொன்னதை மறைத்தால் உங்களுக்குப் பிடிக்காது என்று எழுதுகிறேன்.

நான் உண்மையில் தள்ளிப்போட்டது வேறொன்றை. இதழ் 851ஐத் தேட வேண்டிய தேவை இருக்கவில்லை. அந்த எருமை எனக்குத் தெரியும். அது ஏற்கெனவே புத்தகத்தில் இருக்கிறது. உங்களுக்கு அனுப்பிய ப்ரூஃபில் காமிக்ஸ் கட்டங்களும் அவற்றின் குறிப்புகளும் வர வேண்டிய இடம் மட்டும் வெறுமையாக இருந்ததே, அதில் 141ஆம் பக்கம், அரைப் பக்க அளவில். அதன் கீழே நான் இப்படி எழுதியிருக்கிறேன்:

"நோயுற்ற கணவர் எப்போதாவது தன் தளர்ந்த கையால் முயன்ற கட்டங்களில் ஒன்று. மனைவியின் உறுதியான கோட்டோடு ஒப்பிடுக."

ஒருமுறைகூட எனக்குச் சந்தேகம் வரவில்லை. அது அவ்வளவு பொருத்தமாக இருந்தது.

மே 15 விழாவுக்கு வாருங்கள். மேடையில் நீங்களே உங்கள் வாயால் சொல்லுங்கள். ஆனால் பொய் நம்பிக்கை தர விரும்பவில்லை: நீங்கள் மறுத்தால் கூட்டம் எழுந்து நின்று கைதட்டும்.

ஒரு பிரதியைத் தபாலில் அனுப்பியிருக்கிறேன்.

ரொவேனா


லிபா
19 ஏப்ரல் 2004

செல்வி அபெசமிஸ் அவர்களுக்கு,

புத்தகம் உயிர்ப்பு ஞாயிறு கழிந்து வந்து சேர்ந்தது. முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை படித்தேன். தாள் நன்றாக இருக்கிறது. வண்ணங்கள் சரியாகப் பதிந்திருக்கின்றன. கடைகளில் கயிறு கட்டி, துணிக்கவ்வி மாட்டி, இதழ்களை வாடகைக்குத் தொங்கவிட்ட படத்தை நெடுநேரம் பார்த்தேன். ஏழாம் அத்தியாயத்துக்கு வெளியே பதினான்கு பிழைகள் இருக்கின்றன. தனித் தாளில் எழுதி இணைத்திருக்கிறேன்.

விழாவுக்கு வரமாட்டேன். பதக்கத்தை என் தங்கையிடம் கொடுக்க வேண்டாம், வாங்கிக்கொள்வாள்.

கோயில் பெண்கள் விழாவுக்குக் காத்திராமல் தபாலில் ஆளுக்கு ஒரு பிரதி வரவழைத்துவிட்டார்கள். நேற்று மருந்துக்கடைக்காரி என் கையெழுத்துக்காகப் புத்தகத்தோடு வீட்டுக்கு வந்தாள். காப்பி கொடுத்தேன். அவள் 141ஆம் பக்கத்தைத் திறந்து, அந்த எருமைமேல் விரலை வைத்தாள்.

"பாவம் மனுஷன். கை போனப்புறமும் என்னமோ முயற்சி பண்ணியிருக்காரு பாருங்க."

"அதை வரைஞ்சது நான்" என்றேன்.

அவள் என் கையைத் தட்டிக்கொடுத்தாள். "உங்களை மாதிரி ஒரு பொண்டாட்டி எந்த ஆம்பளைக்குக் கிடைப்பா?" என்றாள். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. நான் வேறு என்ன சொல்வது? கான்வென்ட்டில் எனக்கு மூன்று மொழிகள் சொல்லிக்கொடுத்தார்கள். அதில் எந்த மொழியில் சொன்னாலும் இவர்கள் அதையேதான் கேட்பார்கள். என் வாயிலிருந்து வரும் ஒவ்வொரு 'இல்லை'யும் அவர்களுக்கு ஓர் 'ஆம்'. கையெழுத்துப் போடவில்லை. கண் தெரியவில்லை என்று பொய் சொன்னேன்.

எனக்கு எழுபத்தாறு வயது. உங்கள் புத்தகம் எனக்குப் பின்னும் இருக்கும். ஏழு வருடம் அவர் வரைந்தவற்றை அதிலிருந்து மீட்டு அவர் பெயருக்கு மாற்ற என்னிடம் எதுவும் இல்லை. நீங்களும் மாற்றப்போவதில்லை என்று தெரிகிறது. உங்கள்மேல் இப்போது கோபம் இல்லை. நீங்கள் எனக்கு நல்லது செய்யத்தான் நினைத்தீர்கள். அதனால்தான் உங்களோடு சண்டை போட முடியவில்லை.

எனவே அதைக் கேட்கவில்லை. நல்ல படங்களை என் பெயரில் வைத்துக்கொள்ளுங்கள். கெட்ட படத்தை அவர் தலையில் கட்டாதீர்கள். மூக்கு, கண், மழை, எரிமலை என்று எதை வரைந்தாலும் சரியாக வராவிட்டால் கிழித்துப்போட்ட மனிதர் அவர். அப்படி ஓர் எருமையை வரையமாட்டார், எந்தக் கையாலும்.

மூவாயிரம் சிறு தாள்கள் அச்சிடுங்கள், ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு வரி: "பக்கம் 141இல் உள்ள எருமையை வரைந்தவர் பெர்பெத்துவா இலாகன்." அதற்கான எழுத்தை நானே போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். கை நடுங்குவதால் மூன்றாவது சொல் சற்று இறங்கியிருக்கிறது, அப்படியே அச்சிடலாம். புத்தகத்தைப் பிரிக்க வேண்டியதில்லை, அந்தப் பக்கத்தில் செருகினால் போதும்.

செய்வீர்களா, மாட்டீர்களா என்று எழுத்தில் பதில் அனுப்பவும். தொலைபேசியில் வேண்டாம்.

பெர்பெத்துவா இலாகன்